இடது ஓரத்து மின்னல்

கண்ணாடிப் பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். யாரும் கேலிக்காக வைத்த பெயரில்லை. உலையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் நிமிடத்துக்கு அறுபது வீதம் நகர்ந்து போகும். உள்ளே குமிழ் இருக்கிறதா, கழுத்தில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா, உருகாத மணல் துகள் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, பழுதானதைச் சட்டென்று எடுத்துப் போட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நாலாம் நாளே தலைவலி என்று வேறு பிரிவு கேட்டு ஓடிவிடுவார்கள். இவள் இருபத்தாறு வருஷமாக அந்தப் பலகைக்கு எதிரே, பக்கத்து ஆளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, ஒரு விரிசலையும் தப்பவிடாமல் உட்கார்ந்திருந்தாள். இளையவர்கள் கழுகக்கா என்பார்கள். மேற்பார்வையாளர் கொஞ்சம் மரியாதையாகக் கழுகம்மா என்பார்.

அந்தக் கண்தான் அவளை நிலாவின் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கண்ணை நம்பி இழுத்தவள் அவள் நாத்தனார்.

நாத்தனாருக்கு ஐம்பது வயது. மலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் தபால் நிலையத்தில் வேலை. தலை நரைத்த பிறகும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். குட்டிக்கு எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற சுபாவம். கழுகு கல்யாணமாகி வந்து முதன்முதலாகச் சமைத்த அன்று, மாமனார் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை ஆகா ஓகோ என்று சாப்பிட, குட்டி மட்டும், "உப்பு கம்மி. அதோட அடியும் பிடிச்சிருக்கு" என்றாள். உண்மையிலேயே அடி பிடித்துத்தான் இருந்தது. ஆனால் புதுப்பெண்ணுக்கு முகம் செத்துப் போயிற்று. அதற்கப்புறம் பல வருஷம் இருவருக்கும் இடையில் நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்கிற அளவு பேச்சுதான்.

அப்படிப்பட்ட குட்டி ஒருநாள் தானாகவே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒரு வேலை இருக்கு. உங்க கண்ணு வேணும்."

"என் கண்ணா? எதுக்கு?"

"நிலாவில கல்லு விழறதைப் பாக்கறதுக்கு."

விஷயம் இதுதான். ஒரு வானாய்வு நிலையம், சின்னத் தொலைநோக்கி வைத்திருக்கிற சாதாரண ஆட்களின் உதவியைக் கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்திருந்தது. சிறுகோள்களிலிருந்து உடைந்த கற்கள் விண்வெளியில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பூமிக்கு வந்தால் காற்றில் உரசி எரிந்துபோகும். நிலாவில் காற்றே இல்லாததால் நேராகத் தரையில் போய் மோதும். துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகம்; மோதுகிற இடத்தில் ஒரு வெளிச்சம் பளிச்சென்று தெறிக்கும். கண் சிமிட்டுகிற நேரம்கூட நிற்காது. வெயில் படுகிற பிறைப் பகுதியில் அது தெரியாது. மீதியுள்ள இருண்ட பகுதியில்தான் தெரியும். அதனால் அமாவாசை கழிந்த மூன்றாம் நாளிலிருந்து அரைநிலா வரைக்கும், பொழுது சாய்ந்ததும் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, அந்த இருட்டுப் பக்கத்தையே படமெடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஒருத்தர் பாத்தாப் போதாதா?" என்று கழுகு கேட்டாள்.

"போதாது. நான் மட்டும் பாத்தேன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நம்பவும் கூடாது. வேற ஊர்ல இருந்து இன்னொருத்தரும் அதே நேரத்தில, அதே இடத்தில பாத்திருக்கணும். அண்ணனைக் கேட்டேன். தூக்கம் வருதுங்குது."

கழுகின் கணவர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். அதிகம் பேசாதவர். "நிலாவில கல்லு விழுந்தா இவங்களுக்கு என்னவாம்?" என்று மனைவியிடம் கேட்டாரே தவிர, தொலைநோக்கி வந்த அன்று அந்தக் கனத்த முக்காலியை மூன்று மாடி தூக்கிக்கொண்டு போய் மொட்டைமாடியில் வைத்தவரும் அவர்தான். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை. பழைய பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அங்கே ஒரு திரையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். வெளியே தொலைநோக்கி, உள்ளே திரை, நடுவில் கதவிடுக்கு வழியாக ஒரு கம்பி.

இரண்டு வருஷத்தில் கழுகு அந்த வேலையில் ஊறிப் போனாள். திரையில் தெரியும் இருண்ட நிலா முழுக் கறுப்பில்லை. பூமியின் வெளிச்சம் பட்டுச் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகத் தெரியும். அதில் ஒரு புள்ளி மின்னினால் உடனே துள்ளிக் குதிக்கக் கூடாது என்று குட்டி பாடம் பண்ண வைத்திருந்தாள். பதிவை நிறுத்தி, நொடிக்கு முப்பது படமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு படத்தில் மட்டும் ஊசிமுனை மாதிரிப் புள்ளி இருந்தால் அது விண்வெளியிலிருந்து வந்த ஏதோ ஒரு துகள் கேமராவைத் தாக்கிய தடமாக இருக்கலாம். புள்ளி நகர்ந்தால் செயற்கைக்கோள், இல்லையென்றால் விமானம். நிலா திரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்போது புள்ளி மட்டும் திரையில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது கேமராவின் கோளாறு. நிஜமான மோதல் என்றால் நிலாவில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்று, முதல் படத்தில் பிரகாசமாக எழும்பி, அடுத்தடுத்த படங்களில் மங்கி மறையும். இத்தனை சல்லடையிலும் தேறினால்தான் மறு ஊரின் பதிவோடு ஒத்துப் பார்ப்பது. அங்கேயும் அதே நொடியில் இருந்தால் இருவர் பெயரும் போட்டு நிலையத்துக்கு எழுதலாம். அங்கே இவற்றைத் தொகுக்கிற அதிகாரி ஒருவர் இருந்தார். சரியாக இருந்தால் "நன்றி, சேர்த்துக்கொண்டோம்" என்று ஒரே வரியில் பதில் போடுவார்.

இரண்டு வருஷத்தில் அப்படி மூன்று வரிகள் வந்திருந்தன.

அப்போதுதான் அது நடந்தது. அந்த மாதம் மூன்றாம் பிறை. கழுகு வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, மாடிக்குப் போய்ப் பதிவைத் தொடங்கி, விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆகியிருக்காது. திரையின் இடது ஓரத்தில் ஒரு வெளிச்சம், வளைந்த கோடு மாதிரி பளிச்சென்று வெட்டியது.

நேரத்தைக் குறித்துக்கொண்டு பதிவை ஓட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. படம் படமாகப் பிரித்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

குட்டியைக் கூப்பிட்டாள். "எட்டு மணி ஆறு நிமிஷத்தில பாரு. இடது ஓரம்."

சற்று நேரத்தில் பதில் வந்தது. "என்கிட்ட இல்ல, அண்ணி."

மறுநாள் இரண்டு தடவை மின்னியது. அதற்கடுத்த நாள் நாலு. கழுகுக்குத் தலைகால் புரியவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்தால் ஒன்று கிடைக்கிற இடத்தில், ஒரே மாலையில் நாலு! பதிவு செய்கிற கருவிதான் படங்களைத் தவறவிடுகிறது என்று முடிவு கட்டினாள். கம்பியை மாற்றினாள். கணவரை அனுப்பிப் புதுக் கம்பி வாங்கி அதையும் மாட்டினாள். பதிவில் மட்டும் எதுவும் விழவில்லை.

ஐந்தாம் பிறையான அன்று இரவே தொலைபேசியில் அவள் குரல் ஏறிவிட்டது.

"என் கண்ணால பாத்தேன் குட்டி! இருபத்தாறு வருஷமா மயிரிழை விரிசலைப் பிடிக்கிற கண்ணு. நாலு தடவை பாத்தேன்னு சொல்றேன். நிலையத்துக்கு எழுதலாம்."

"ரெண்டு கேமராவிலயும் இல்லாததை எழுத முடியாது, அண்ணி."

"நீ கையெழுத்துப் போடு, போதும்."

"போட மாட்டேன்."

"உன் தொலைநோக்கியில சிக்கலை, என்னோடதில சிக்கிடுச்சு. அதான் உனக்குப் பொறுக்கலை."

சொன்ன வாயை உடனே மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. குட்டி வைத்துவிடுவாள் என்றே நினைத்தாள். ஆனால் குட்டி யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நேத்து நிலா உங்க திரையில எந்தப் பக்கம் இருந்தது?"

"வலப்பக்கமா."

"இன்னிக்கு?"

"நடுவுல."

"மின்னல்?"

"ரெண்டு நாளும் இடது ஓரந்தான்." சொல்லும்போதே கழுகின் குரல் தணிந்தது.

"நிலா நகருது, மின்னல் நகரலை. அப்படின்னா அது என்ன?"

"கேமராக் கோளாறு. ஆனா கேமராவிலதான் ஒண்ணுமே விழலையே."

"நீங்க ஒண்ணு பண்ணுங்க. திரையை அணைச்சிடுங்க. ரெண்டு கண்ணையும் மூடிக்குங்க. மூடினபடியே கண்ணை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிப் பாருங்க."

கழுகு திரையை அணைத்தாள். அறை கும்மிருட்டானது. கண்ணை இறுக மூடி, வலப்பக்கம் உருட்டினாள். இடது ஓரத்தில் அதே வெளிச்சம் வளைவாக வெட்டியது.

மறுபடி உருட்டினாள். மறுபடி வெட்டியது.

"தெரியுது, குட்டி."

"கண்ணு முன்னால கறுப்புப் புள்ளி, நூல் மாதிரி ஏதாவது மிதக்குதா?"

இருந்தது. ஒரு வாரமாகவே கொசு பறக்கிற மாதிரி எதுவோ ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலில் தூசி என்று நினைத்து, நல்ல பாட்டில்களைக்கூட எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்று மேற்பார்வையாளர் கழித்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "என்ன கழுகம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றுகூடக் கேட்டிருந்தார்.

"மோதல் எல்லாம் ஒண்ணுமில்லை அண்ணி. கோளாறு உங்க கேமராவில. உங்க கேமரா உங்க கண்ணு. எங்க தபால் நிலையத்துக்கு வர்ற ஒரு வாத்தியாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. நாளைக்குக் காலையிலயே கண் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

"நாளைக்கு ஷிப்ட் இருக்கு. ஞாயித்துக்கிழமை போறேன்."

"நாளைக்கு."

"சரி சரி, பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் போகமாட்டாள் என்பது குட்டிக்குத் தெரியும். கழுகுக்கு ஷிப்ட் ஒரு சாக்கு. கண்ணில் கோளாறு என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் இனி யார் உட்காரவிடுவார்கள்? அந்த நாற்காலி போய்விட்டால் தான் யார்? அவள் இதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சாப்பிட்டாள், படுத்தாள், கண்ணை மூடினால் மின்னுகிறதே என்று திறந்தபடியே கிடந்தாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டியபோது வாசல் மணி அடித்தது. கணவர் திறந்தார். குட்டி நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்து, ஒரு காலில் பயணச் செருப்பு வார் அறுந்து, கையில் துணிப்பையோடு.

"ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சேன்" என்றாள். "அண்ணா, நீயும் லீவு சொல்லு. அண்ணி, பையைக் கீழ வைங்க."

"குட்டி, நேத்து நான் ஏதோ கோபத்தில…"

"அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல ஆஸ்பத்திரி."

கழுகு ஒற்றைக்காலில் நின்று பார்த்தாள். பலிக்கவில்லை. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் நடக்க, நடுவில் கைதியைப் போல அவள் போனாள்.

கண் மருத்துவர் சின்னப் பெண். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரிகிற வரைக்கும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சுவரில் இருந்த அறிவிப்புப் பலகை முதலில் மங்கியது, பிறகு எழுத்தெல்லாம் பஞ்சாய்ப் போயிற்று. கழுகு குட்டியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

மருத்துவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, "மேல பாருங்கம்மா, கீழ, இடது பக்கம், இன்னும் இடது" என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இடது கண்ணுல விழித்திரை ஓரமா கிழிஞ்சிருக்கு. சின்னக் கிழிசல்தான். ஆனா அது வழியா தண்ணி உள்ள போனா, சுவத்துல காகிதம் உரிஞ்சு வர்ற மாதிரி விழித்திரையே பிரிஞ்சு வந்துடும். அப்புறம் பெரிய ஆபரேஷன். பார்வை முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாது."

"இப்ப?" என்றார் கணவர். அன்று அவர் பேசிய முதல் சொல்.

"இப்ப இன்னும் பிரியலை. கிழிசலைச் சுத்தி லேசர் வச்சு ஒட்டிடலாம். இன்னிக்கே." மருத்துவர் கழுகைப் பார்த்தார். "நிறையப் பேர் மின்னல் நின்னு, திரை விழுந்த மாதிரி இருட்டின பிறகுதான் வருவாங்க. நீங்க எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

"இவ கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா" என்றாள் கழுகு, குட்டியைக் காட்டி. பொல பொலவென்று அழுதுவிட்டாள். அழக்கூடாதோ என்று பயந்து, "அழுதா கண்ணுக்கு ஏதாவது ஆகுமா டாக்டர்?" என்றும் கேட்டாள். ஆகாது என்று மருத்துவர் சிரித்தார். ஆகாது என்றதும் இன்னும் கொஞ்சம் அழுதாள்.

லேசர் பதினைந்து நிமிட வேலை. பச்சை வெளிச்சம் பட் பட்டென்று கண்ணுக்குள் அடித்தது. சுருக் சுருக்கென்று குத்தல். அவ்வளவுதான். கனம் தூக்காதீர்கள், குலுங்குகிற வண்டியில் போகாதீர்கள், அடுத்த வாரம் வந்து காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

குட்டி தபால் நிலையத்துக்குச் சொல்லி ஐந்து நாள் விடுப்பு எடுத்தாள். சொட்டு மருந்துக்கு மணி அடித்த மாதிரி வந்து நின்றாள். சமையலை அவளே எடுத்துக்கொண்டாள். கழுகு ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "காரம் தூக்கல்" என்றாள். குட்டி அசரவில்லை. "அப்படியா? நாளைக்குக் குறைச்சுடறேன்" என்று எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கணவர் தட்டைப் பார்த்தபடியே சிரித்தது இருவருக்கும் தெரியாது.

கழுகு மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை முயன்றாள். இரண்டு தடவையும் குட்டி பேச்சை மாற்றிவிட்டாள். மூன்றாம் தடவை, "பொறுக்கலைன்னு சொன்னீங்களே, அது கொஞ்சம் நிஜந்தான்" என்றாள் குட்டி. "நாலு மின்னல்னதும் வயிறு எரிஞ்சுது. அதனாலதான் இன்னும் நல்லா யோசிச்சேன், உங்களைப் பொய்யாக்க வழி இருக்கான்னு." இருவரும் சிரித்த சிரிப்பில் கணவர் என்னவோ ஏதோ என்று கூடத்திலிருந்து எழுந்து வந்தார்.

எட்டாம் பிறை. அரைநிலா. பார்க்கக்கூடிய கடைசி மாலை. திரையைப் பார்க்கத் தடையில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குட்டி தொலைநோக்கியைத் திருப்பி வைக்க, இருவரும் அந்தச் சின்ன அறையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். முதல் அரைமணி கழுகு நிலாவைப் பார்க்கவே இல்லை. திரையின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எதுவும் மின்னவில்லை.

ஏழே முக்காலுக்கு, இருண்ட நிலாவின் மேல்பாதியில், நடுவில், ஒரு வெளிச்சம் எழுந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்!"

பதிவை ஓட்டினார்கள். இருந்தது. ஒரு படமில்லை, ஏழு படம். முதலில் சுள்ளென்று வெள்ளை, பிறகு படிப்படியாக மங்கி, ஏழாவதில் இருக்கிறதா இல்லையா என்கிற அளவு. நிலாவில் அசையாமல் ஒரே இடம். இத்தனை பெரியதை அவர்கள் ஒருநாளும் பிடித்ததில்லை. கழுகு குட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"குட்டி, உன் தொலைநோக்கி?"

"வீட்டில உறை போட்டு நிக்குது."

ஒரே கூரையில் ஒரு கேமரா. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண் இருந்து பயனில்லை. மெதுவாக நகர்கிற செயற்கைக்கோள் ஒன்று அந்த இடத்துக்கு நேராக வெயிலில் மினுங்கினாலும் இங்கிருந்து இப்படியே தெரியும். மலைக்கு அப்பாலிருந்து பார்த்தால்தான் அது விலகித் தெரிந்து குட்டு வெளிப்படும். அதனால்தானே இரண்டு ஊர்.

"நீ உன் வீட்டில இருந்திருந்தா உனக்கும் விழுந்திருக்கும்" என்றாள் கழுகு. "என்னால போச்சு."

"அண்ணி, நான் இங்க இல்லேன்னா நீங்களும் இங்க உக்காந்திருக்க மாட்டீங்க. எழுதுங்க, நேரத்தைக் குறிங்க."

உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார்கள்: ஒரே இடம், ஒரே கேமரா, இரண்டாவது தொலைநோக்கி இயங்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் குட்டி, "குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை" என்று எழுதினாள். பத்து நாள் கழித்துத் தொகுப்பு அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. மோதலாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஆனால் வேறு யாரும் அதைப் பதிவு செய்யவில்லை, ஆகவே பட்டியலில் கேள்விக்குறியோடு சேர்க்கிறோம் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, வழக்கத்தில் இல்லாத இன்னொரு வரியும் இருந்தது: "உடல்நிலை சரியில்லாதவர் இப்போது நலம் என்று நம்புகிறேன்."

நலம்தான். கழுகு மேற்பார்வையாளரிடம் தானே போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் மருத்துவச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு மாதம் அலுவலகத்தில் உட்கார வைத்தார்; பிறகு கண் பரிசோதனை செய்து, பழைய நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். அங்கே இன்னும் ஆறு வருஷம் இருந்து, ஓய்வு பெற்றாள். அவளுக்குப் பிறகு அந்தப் பிரிவில் எல்லோருக்கும் வருஷம் இரண்டு தடவை கண் பரிசோதனை என்று விதி வந்தது. அது அவள் கேட்டு வாங்கியது.

அண்ணியும் நாத்தனாரும் இதுவரை பதினோரு மோதல்களை உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று நடந்த இடத்தை, நிலாவைச் சுற்றுகிற ஆய்வுக்கலம் பின்னால் ஒருநாள் படமெடுத்தது. முன்பு வெறும் தரையாக இருந்த இடத்தில் ஒரு வீட்டு முற்றம் அளவு புதுக் குழி. அந்தப் படத்தைக் கணவர் அச்சகத்தில் நல்ல காகிதத்தில் போட்டுக் கொண்டுவந்து, கேட்காமலே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் அதை விளக்குவதும் இப்போது அவர்தான்.

கழுகு அதைக் காட்டுவதில்லை. யாராவது உட்கார்ந்து கேட்டால் பட்டியலை எடுத்து, அந்த எட்டாம் பிறை மாலையின் வரியில் விரலை வைப்பாள். பக்கத்தில் பார்வையாளர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயரும் இருக்கும், இடம் ஒன்று, எதிரே ஒரு கேள்விக்குறி.

"இது ஏன் தேறலை தெரியுமா?" என்பாள். "அன்னிக்கு என் நாத்தனார் என் வீட்டில இருந்தா."